நாற்பதில் பதினேழு

வரமாட்டான், வந்தாலும் திறக்கமாட்டான், திறந்தாலும் கொடுக்கமாட்டான், இவ்வளவும் தெரிந்துதானே அரை நாள் லீவு போட்டுவிட்டு இந்த ஆடுகிற பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள், மடியிலிருந்த தட்டையான அட்டைப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு... யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்களா என்ன, படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில் யார் ஓடப் போகிறார்கள், இங்கே இருப்பவள் கடைக்காரி ஒருத்திதான், அவளும் உதட்டில் நான்கு ஆணிகளைக் கடித்துக்கொண்டு யாருடைய கல்யாணப் படத்துக்கோ பின்பலகை அடித்துக்கொண்டிருக்கிறாள், டக், டக், ஒவ்வொரு அடியும் இவள் நெற்றிப்பொட்டில் வந்து விழுகிறது. சொன்ன நேரம் எப்போதோ போய்விட்டது. வரவேண்டியவர் பல் டாக்டர் அல்லவா, ஆட்களைக் காக்கவைத்தே பழகியவர், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும், ஆற அமர வருவோம் என்று நினைத்திருப்பார். வரட்டும். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான்.

அந்த டாக்டருக்குப் படம் சேகரிப்பவர்கள் மத்தியில் பெயரே குழாய். தெருச் சுவர்களில் வரைகிறவர்கள் சிலர், அதே படத்தைக் கெட்டித் தாளில் ஸ்கிரீன் பிரிண்டாக அச்சடித்து, ஒவ்வொரு தாளிலும் கையாலேயே கொஞ்சம் வண்ணம் சேர்த்து முடித்து, அடியில் பென்சிலால் எண் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நாற்பதோ ஐம்பதோ மட்டும் வெளியே விடுவார்கள், அதற்குமேல் ஒன்றுகூடக் கிடையாது, அச்சடித்த திரையையே கழுவி அழித்துவிடுவார்கள். அதைத் தேடித் தேடி வாங்குகிற பைத்தியங்கள் கொஞ்சம் பேர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், இந்த ஊர்ப் பைத்தியங்களில் அவளும் ஒருத்தி. மற்ற பைத்தியங்கள் வாங்கியதைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள், இரவில் எழுந்து ஒரு முறை பார்த்துவிட்டுப் படுப்பார்கள். இவர் பார்ப்பதே இல்லை. தாள் எந்த அட்டைக் குழாயில் சுருட்டி வந்ததோ அந்தக் குழாயோடு, ஒட்டிய டேப்பைக் கூடப் பிரிக்காமல் அலமாரியில் நிறுத்தி வைத்துவிடுவார். ஏன் டாக்டர் என்று கேட்டால், திறக்காத வரைக்கும்தான் அது புதுசு என்பாராம். வீட்டில் ஆள் உயரத்துக்குக் குழாய்களாக நிற்கிறதாம், குடிநீர் வாரிய குடோன் மாதிரி இருக்கும்மா என்று போய்ப் பார்த்த ஒருவர் சொல்லிச் சிரித்தார், அவளும் அன்றைக்குச் சிரித்தாள்... அன்றைக்குச் சிரித்துவிட்டாள். இன்றைக்கு அந்தக் குழாய்களில் ஒன்றுக்குள் அவளுடைய புருஷன் சுருண்டு கிடக்கிறார். கையால் பூசிய வண்ணம் பல நாள் சுருண்டே கிடந்தால் வெடிப்பு விடும், இது அந்த மனிதருக்குத் தெரியாதா, எத்தனை வருஷமாக வாங்குகிறார், காற்று இல்லாமல், வெளிச்சம் இல்லாமல், முதுகில் வெடிப்பு விட்டுக்கொண்டு அவர் அங்கே கிடக்கிறார், இந்த மனுஷன் சாவகாசமாக வருகிறாராம்.

ஆஸ்பத்திரியின் பின்கேட்டுக்கு எதிரே நீளமாக ஒரு சுவர். அதில்தான் சுவர்க்காரன் வரைந்தான், முகத்தைக் காட்டாமல் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு வேறு என்ன பெயர் சொல்வது. மழைக்காலம் என்று பார்க்காமல் தொடங்கிவிட்டான், சுவர் நீளத்துக்கும் ஒரு பெரிய படகு, படகு முழுக்கக் கட்டில்கள், கட்டில்களில் பறவைகள். மழை பிடித்துக்கொண்டால் தார்ப்பாயை இழுத்துவிட்டு அதன் அடியில் ஒண்டி உட்கார்ந்து, எதிரே நின்று வேடிக்கை பார்க்கிற ஆட்களைப் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருப்பானாம். இதெல்லாம் அவள் புருஷன் சொன்னது. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க அந்தப் பின்கேட்டில்தான் அவர் நிற்பார், அது திறக்கும் வரைக்கும் வெளியில்தான் நிற்கவேண்டும், வயதானவர், நோயாளி, மழை, வெயில் என்று எந்தக் கேட்டுக்குத் தெரியும். துணைக்கு வருகிறேன் என்றால் கேட்கமாட்டார், நீ போய் உன் கலரைப் பாரு, நான் என்ன கல்யாணத்துக்கா போறேன், ஜோடியா போறதுக்கு என்பார். ஒருநாள் சாயங்காலம் வந்து படுத்துக்கொண்டே, அந்த மூச்சு வாங்குகிற குரலில், ஏய் காகிதக்காரி, உன் ஆளு இன்னிக்கு என்னை வரைஞ்சிட்டான் தெரியுமா, இனிமே நீ என்னை வரிசையில நின்னுதான் வாங்கணும் என்றார். அவர் சொல்வதில் பாதி கேலி, எந்தப் பாதி என்றுதான் கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது. அந்த மழைக்காலம் முடிந்து அடுத்த மழைக்காலம் அவருக்கு இல்லை. சுவரும் இல்லை. ஆஸ்பத்திரியில் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று சுண்ணாம்பை அள்ளிப் பூசிவிட்டார்கள், படகு, கட்டில், பறவை எல்லாவற்றின் மேலேயும், ஓரத்தில் ஒரு இறக்கை மட்டும் மங்கலாகத் தெரிகிறது, ஒழுங்காகப் பூசக்கூடத் தெரியாத பயல்கள்.

பிறகுதான் அந்தச் சுவர் ஸ்கிரீன் பிரிண்டாக வந்தது. நாற்பது தாள். எல்லாத் தாளிலும் அதே படகு. அதன் அடியில், தரையில் நின்று சுவரைப் பார்க்கிற ஒரே ஒரு ஆள், முதுகுப் பக்கம், கையால் வரைந்து வண்ணம் போட்டது. ஒரு தாளில் இருக்கிற ஆள் இன்னொரு தாளில் கிடையாது, ஒரு தாளுக்கு ஒரே ஆள் என்று கணக்கு வைத்துக்கொண்டு செய்திருந்தான். நாற்பதையும் சின்னச் சின்னதாக இணையத்தில் போட்டிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள், முப்பத்தொன்றாம் தாளில் விரல் நின்றுவிட்டது. தோளில் குறுக்காக ஒரு துணிப்பை, கொஞ்சம் சரிந்த கழுத்து, கையில் தொங்குகிற செருப்பு. கால் வீங்கிப்போய் செருப்பு நுழையாமல் கையில் எடுத்துக்கொண்டு நடப்பாரே, ரோட்டில் எல்லாரும் பார்க்கிறார்களே என்று அவளுக்குத்தான் உடம்பெல்லாம் கூசும், அவர் பாட்டுக்கு மாலையைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி போவார்... அவர்தான். பெரிதாக்கிப் பார்த்தாள், இன்னும் பெரிதாக்கினாள், படம் கட்டம் கட்டமாக உடைந்து அவர் ஒரு கறுப்புப் புள்ளியாகிப் போகிற வரைக்கும் பெரிதாக்கினாள். ஆனால் கேட்ட எண் கிடைக்காது, குலுக்கல். யாருக்கு எது விழுகிறதோ அது. கடவுளே, உன்னிடம் நான் பெரிதாக எதுவும் கேட்டதில்லை, அவர் உயிரைக் கேட்டேன், அது பெரிய விஷயம், உன்னால் முடியவில்லை, சரி, விட்டுவிட்டேன். இது ஒரு காகிதம், நாற்பதில் ஒன்று, இதையாவது செய்யேன்... முப்பத்தொன்று குழாய்க்கு விழுந்தது. அவளுக்கு விழுந்தது பதினேழு. அன்றைக்கு நிறுத்தினாள் சாமி கும்பிடுவதை. விளக்கை மட்டும் ஏற்றுகிறாள், பழக்கதோஷம், ஏற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள், பேச்சுவார்த்தை கிடையாது.

பதினேழில் யார், ஒரு கிழவி. கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு குட்டையான கிழவி, குடையில் நீலத் துணி வைத்துத் தைத்த ஒட்டு. அதையாவது சரியாகச் செய்தானா அந்தச் சுவர்க்காரன், குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, தலைக்கு மேலே இருக்கவேண்டியது இடப்பக்கம் காற்றில் நிற்கிறது, அடியில் வெறும் தரை. சேலைக்குப் பழுப்பு போட்டிருக்கிறான், அதிலும் வலத் தோளில் ஒரு திட்டு இருட்டிப்போயிருக்கிறது, வண்ணம் கலக்கும்போது கை தவறிவிட்டது போல. சாயப் பட்டறையில் இருபத்தைந்து வருஷமாக நிறம் ஒப்பிடுகிற வேலை அவளுக்கு, ஒரே நிறம் இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி நின்றால் எழுந்து போய் வாளியைக் கவிழ்த்துவிடுவாள், அவளுக்குப் போய் இப்படி ஒரு திட்டு. குலுக்கலிலும் தோற்று, கோணல் குடையும் கிடைத்து, அதைச் சட்டம் போட மனசில்லாமல் இங்கேயே கடைக்காரியிடம் மாசக்கணக்காகப் போட்டு வைத்திருக்கிறாள். மடியிலிருக்கிற பையில் இருப்பது அதுவல்ல. இது வேறு, அவள் சேர்த்ததிலேயே நல்லவை இரண்டு, ஒன்று கூரை மேல் தூங்குகிற தபால்காரன், இன்னொன்று தங்கத்தாள் ஒட்டிய காகம், குழாய் எத்தனையோ தடவை கேட்டும் கொடுக்காதவை. இரண்டையும் எடுத்துக்கொள், என் மனுஷனைக் கொடு. இதுதான் பேச்சு.

ஆணியெல்லாம் தீர்ந்து வாய் காலியானதும் கடைக்காரி பேச ஆரம்பித்துவிட்டாள். நேற்றும் அந்த வேன் ஓட்டுகிற பெண் வந்தாளாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன், அதை ஓட்டுகிறவள். ஏதோ ஒரு நாள் வாசலில் நிறுத்தி மாற்றுச் சக்கரம் போட்டபோது, சுவரில் சாய்த்து வைத்திருந்த பதினேழைப் பார்த்துவிட்டு, கையில் கிரீஸோடு உள்ளே வந்து நின்றவள். அது எங்கம்மா என்றாளாம். நீல ஒட்டுப் போட்டதே நான்தான், வீட்டில் அன்றைக்கு அந்தத் துணிதான் இருந்தது என்றாளாம். அம்மா அந்தப் பின்கேட்டு ஜன்னலில் மாத்திரை வாங்க நிற்பாளாம், போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாளாம், கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிற மனுஷியாம், வீட்டில் ஒரு படம் கிடையாதாம். முதலில் விலைக்குக் கேட்டாள், பிறகு ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றாள், நேற்று வந்து வாசலில் நின்றபடியே, படத்துக்குச் சொந்தக்காரங்க இருக்கிறப்ப ஒரு தடவை நின்னு பார்த்துட்டுப் போறேன், அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க என்றாளாம்.

"என்ன சொல்லட்டும்க்கா?"

"போன வாரம் என்ன சொன்னேன்? குடுக்கிறதுக்கில்லைன்னு சொல்லு. எல்லாரும் ஒரு கதையோடதான் வர்றாங்க."

கடைக்காரி பென்சிலால் காதைக் குடைந்துகொண்டாள். அதைப் பார்த்தாலே எரிச்சல். என்னமோ நான் கல்நெஞ்சுக்காரி மாதிரி. உனக்குத் தெரியுமா கடைக்காரி, போன தடவை இப்படித்தான் ஒருத்தன் வந்தான், அந்தப் படத்தில் இருப்பது என் தெரு, நான் பிறந்த வீடு என்று கண்ணீர் விட்டான், பாவம் பார்த்துக் கொடுத்தால் மறுநாள் இணையத்தில் மூன்று மடங்கு விலைக்குப் போட்டிருந்தான். கதை. எல்லாரிடமும் ஒரு கதை. பிறகு குடைக்கா பஞ்சம் உலகத்தில், கறுப்புக் குடையும் கிழவியும் எந்தக் கேட்டில் இல்லை. குடை... குடை என்றாலே அவளுக்குக் கோபம், அவர் செத்த பிறகும் தீராத கோபம். மழைக்காலத்தில் ஒரு நாள்கூட அவர் குடை எடுத்துப் போனதில்லை. கதவருகில் மாட்டியே வைத்திருப்பாள், அப்படியே தொங்கும். நனைஞ்சா காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரியிலேயே படுக்க வேண்டியதுதான் என்று இவள் கத்துவாள். அவர் இரண்டு கையையும் நீட்டிக் காட்டுவார். இடது கை, ரத்தம் சுத்திகரிக்கிற ஊசிக்கென்று நரம்பை இணைத்து வைத்த கை, அதில் எடை தூக்கக்கூடாது, வாட்ச்கூடக் கட்டக்கூடாது. வலது கையில் செருப்பு. குடையை எந்தக் கையில பிடிக்கிறது, நீயே சொல்லு, மூணாவது கை ஒண்ணு தச்சுக் குடு என்பார். அப்புறம் வாசலில் நின்று கண்ணடித்துவிட்டு, கவலைப்படாதே, குடை பிடிக்க அங்க எனக்கு ஆள் வெச்சிருக்கேன் என்பார். ஆள் வெச்சிருக்காராம், ராஜா. பேச்சைப் பார், சாகிற உடம்பில் பேச்சைப் பார். தலை நனையாமல்தான் வந்து சேர்வார், மழை விட்ட பிறகு புறப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வாள், சண்டை போடத் தெம்பிருக்காது, பட்டறையிலிருந்து அவளும் அப்போதுதான் வந்திருப்பாள், அப்போது புதுப் பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்திருந்த நேரம், ஒன்றுக்கும் பொறுமை கிடையாது, துணியைச் சாயத்திலிருந்து எடுத்த கையோடு கொண்டுவந்து நீட்டுவார்கள், காயட்டும்டா, காயட்டும், ஈரத்துல எந்தக் கலரும் ஒரு படி இருட்டித்தான் காட்டும் என்று நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டியிருக்கும்...

குழாய் வந்துவிட்டார். நெடுநெடுவென்று, இஸ்திரி கலையாத சட்டையில், தோளில் துப்பாக்கி மாதிரி ஒரு குழாய், அதற்கு மேலே பிளாஸ்டிக் உறை வேறு. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார், ஒரு கடைவாய்ப்பல் லேசில் வரவில்லையாம். பெஞ்சின் மறு நுனியில் அவர் உட்கார்ந்ததும் இவள் பக்கம் மேலே எழும்பியது, அதற்கும் கோபம் வந்தது. தபால்காரனையும் காகத்தையும் பையிலிருந்து வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார், நெடுநேரம் பார்த்தார், காகத்தின் தங்கத்தாளில் அவருடைய முகம் மஞ்சளாகத் தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் ஒரு நிபந்தனை, குழாயைத் திறக்காமலே அவள் வாங்கிக்கொள்ளவேண்டும், வீட்டுக்குப் போய்த் திறந்துகொள்ளலாம், ஒருவேளை உள்ளே அவள் நினைத்தது இல்லையென்று திருப்பிக் கொடுக்க வந்தால், திறந்த குழாயை அவர் என்ன செய்வார். அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. உள்ளே இருப்பது யாரென்று தெரிந்துதான் பேசுகிறீர்களா டாக்டர், அது படமில்லை, என் வீட்டுக்காரர் என்று ஆரம்பித்து, பின்கேட்டையும் மழையையும் வீங்கின காலையும் கையில் தொங்கின செருப்பையும் ஒரே மூச்சில் கொட்டினாள், கொட்டும்போதே தன் குரல் சந்தைக் குரலாக ஏறுவது காதில் விழுந்தது, நிறுத்த முடியவில்லை. கடைக்காரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்கிட்ட எல்லாரும் ஒரு கதையோடதான் வர்றாங்க."

கடைக்காரி சட்டென்று இவளைப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஆணி டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அவள் பார்க்காமலே இருந்திருக்கலாம். இவள் தபால்காரனை எடுத்துப் பைக்குள் திணிக்க ஆரம்பித்திருந்தாள், மூலை மடங்கினால் மடங்கட்டும், போகட்டும், அவர் அந்தக் குழாயிலேயே கிடக்கட்டும், வெடிக்கட்டும்... கண்ணில் நீர் வந்துவிட்டது, கோபத்தில் வருகிற நீர், அதைத் துடைத்தால் அழுகை என்று நினைத்துவிடுவார்கள் என்று துடைக்காமலே விட்டாள். குழாய் எழுந்து நின்றார். போகப் போகிறார் என்று நினைத்தாள். அவர் கடைக்காரியிடம், கை கழுவ எங்கே என்று கேட்டார். கழுவி, விரல் விரலாகத் துடைத்து, ஆப்பரேஷனுக்குப் போகிற மாதிரி வந்தார். "நான் எதுக்குத் திறக்கிறதில்லை தெரியுமா? கஞ்சத்தனம்னு எல்லாரும் சொல்லுவாங்க, எனக்குத் தெரியும். திறந்தா, நான் மனசுல வெச்சிருக்கிற அளவுக்கு இருக்காதோன்னு ஒரு பயம்மா. அவ்வளவுதான்." சொல்லிக்கொண்டே நகத்தால் டேப்பைக் கீறினார். வேண்டாம் டாக்டர் என்று அவள் வாய்வரைக்கும் வந்தது, ஏன் வந்தது, இதற்காகத்தானே வந்தாய். "உங்காளுதான்னா எடுத்துட்டுப் போங்க. காக்கா எல்லாம் வேணாம், உங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

தாள் சுருளாகவே கிடக்கப் பார்த்தது. கடைக்காரி ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம், வெள்ளைக் கையுறையோடு மெல்ல மெல்ல விரித்தார்கள், முதலில் கட்டில்கள், பிறகு பறவைகள், பிறகு படகின் அடிவயிறு, பிறகு தரை. தரையில் அந்த மனிதர். துணிப்பை, சரி. கழுத்து, சரி. செருப்பு... இணையத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்த செருப்பு, எந்தக் கையில் என்று அன்றைக்குப் பார்க்கவே தோன்றாத செருப்பு, இங்கே வார் வாராகத் தெரிந்தது. இடது கையில். வாருக்குள் விரலை விட்டு, வீசிக்கொண்டு, இடது கையில் பிடித்திருந்தார் அந்த ஆள். மணிக்கட்டில் வாட்ச். கால்கள் இரண்டும் ஒல்லியாக, நல்ல கால்கள், தெருவில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, செருப்பு நனையவேண்டாம் என்று கழற்றிக் கையில் எடுத்தவன், யாரோ ஒருத்தன், முழு ஆரோக்கியமுள்ள யாரோ ஒருத்தன். எத்தனை மாதம்... எத்தனை மாதமாக இவனுக்காக அழுதிருக்கிறாள், இவன் வெளிச்சமில்லாமல் கிடக்கிறானே என்று சோறு இறங்காமல் இருந்திருக்கிறாள், எவன் வீட்டுப் புருஷனோ. உன்னை வரைஞ்சிட்டானா, எங்கே வரைஞ்சான், காட்டு, நாற்பதையும் பார்த்தாயிற்று, செருப்போடு நிற்கிறவன் இவன் ஒருத்தன்தான், அப்போது அதுவும் கேலிதானா, அந்தப் பாதிதானா அது, காகிதம் காகிதம் என்று அலைகிறவளுக்கு ஒரு நாளாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று சும்மா சொல்லிவைத்தாயா, பாவி... அவள் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

"அவர்தானாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல."

அவர் ஏன் திறக்கச் சொன்னாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம். மன்னிச்சுடுங்கம்மா என்றார், அவர் என்ன செய்தார் மன்னிப்பதற்கு, தாளில் இருந்தவனை மாற்றி வைத்தவர் அவரா. பிறகு தாளின் மேல் குனிந்து, தன்னுடைய சொத்தை முதன்முதலாகப் பார்த்தார், பறவை ஒன்றின் கண்ணை, கட்டில் கால் ஒன்றை, மூக்கு தொடுகிற தூரத்தில். பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்கு என்றார் தனக்குத்தானே, பொடிப்பையன் சொல்கிற மாதிரி. திறந்ததுதான் திறந்தாச்சு, இதுக்கு ஒரு சட்டம் போட்டுடு என்று கடைக்காரியிடம் சொல்லிவிட்டு, காலிக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கவேண்டும், அதைக்கூடச் சொல்லாமல் கல் மாதிரி நின்றேனே என்று அதற்கும் ஒரு கோபம், எல்லாக் கோபமும் இப்போது வீடு திரும்பின பிள்ளைகள் மாதிரி அவளிடமே வந்து நின்றன.

"நம்ம கெழவிய என்னக்கா பண்றது, எடுத்துட்டுப் போறியா, இங்கயே இருக்கட்டுமா?" என்று கடைக்காரி பதினேழைக் கொண்டுவந்து முப்பத்தொன்றின் பக்கத்தில் வைத்தாள், பேச்சை மாற்றுவதற்காகத்தான் இருக்கும். அவள் பார்த்தாள். பார்க்கப் பிடிக்காமல்தான் பார்த்தாள். அதே படகு, அதே பறவைகள், அடியில் அந்தக் கோணல் குடை, அந்தத் தோள் திட்டு, பழுப்புக்குப் பக்கத்தில் இருட்டுப் பழுப்பு, மட்டமான கலவை, இதை நம் பட்டறையில் செய்திருந்தால்... வேறு வண்ணம் கலந்திருந்தால் விளிம்பில் கொஞ்சமாவது பேதம் தெரியுமே. வேறு வண்ணம் இல்லை. இருபத்தைந்து வருஷம் பார்த்த கண் தானாகவே போய் அளந்தது, அதே பழுப்புதான், சேலை முழுக்க இருக்கிற அதே பழுப்புதான், ஒரு படி மட்டும் இறங்கி... ஒரு படி. காயட்டும்டா, காயட்டும். அது திட்டு இல்லை. அது ஈரம். வலத் தோள் நனைந்து, முதுகு வரைக்கும் இறங்கி, சொட்டச் சொட்ட நிற்கிறாள் அந்தக் கிழவி, கையில் முழுக் குடை இருந்தும். எதற்கு நனையவேண்டும், தலைக்கு மேலே பிடித்துக்கொண்டால் தீர்ந்தது, பிடிக்கவில்லை, கையை நன்றாக நீட்டி, எட்டாத உயரத்துக்கு எட்டிப் பிடிக்கிற மாதிரி நுனிக்காலில் நின்று, இடப்பக்கம் தள்ளிப் பிடித்திருக்கிறாள். இடப்பக்கம் வெறும் தரை. ஒரு தாளுக்கு ஒரே ஆள். அந்த இடத்தில் யார் நின்றாலும் சுவர்க்காரன் வரைந்திருக்கமாட்டான். குடையின் உயரத்தைப் பார்த்தாள், அடியில் விட்டிருந்த வெற்று இடத்தைப் பார்த்தாள், ஒரு ஆள் நிற்கலாம், கழுத்தைக் கொஞ்சம் சரித்துக்கொண்டால் நிற்கலாம், இரண்டு கையும் ஒழியாத ஒரு ஆள்... குடை பிடிக்க அங்க எனக்கு ஆள் வெச்சிருக்கேன். மழையில் ஒரு தலைமுடிகூட நனையாமல் வந்து நின்ற மனிதர்.

இருக்குமா. அவர் என்று எப்படிச் சொல்வது, இன்றைக்கு ஒரு தடவை ஏமாந்தது போதாதா, இதோ பக்கத்திலேயே கிடக்கிறானே செருப்போடு ஒருத்தன், அவனையும் இப்படித்தானே அவர் அவர் என்று... அந்தக் கேட்டில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள், கிழவி யாருக்கெல்லாம் பிடித்தாளோ. இருந்தாலும் அந்த வெற்று இடத்தை விட்டுக் கண் வரமாட்டேன் என்றது. விளக்கை ஏற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாளே இத்தனை நாளும், அந்த மாடத்துக்குள் இருந்தவன் ஒருவேளை கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் ஒன்றுமே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தானோ, அதை நினைத்ததும் காது மடல் சுட்டது, வெட்கமா, இன்னும் கோபமா, தெரியவில்லை. அப்படியே அவராக இருந்தாலும், நனைந்த தோள் யாருடையது, அது இவளுடையதில்லையே.

"அந்தப் பொண்ணு எப்ப வரும்?"

"எது, வேன்காரியா? புள்ளைங்கள எறக்கிட்டு இந்தப் பக்கமாத்தான் போவா. தினமும் ஒரு நிமிஷம் நிறுத்தி வெளியிலேர்ந்தே எட்டிப் பார்த்துட்டுப் போறாளே. உள்ள வராதேன்னு நீதானேக்கா சொன்ன."

அப்படியா சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை, சொன்னது ஞாபகம் இருந்தது. பதினேழாம் தாளை ஒளி விழுகிற பக்கமாக, வாசலுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினாள். கொடுத்துவிடுவோமா, முடியாது, மனசு வராது, அந்த இடத்தை எப்படிக் கொடுப்பது. வைத்துக்கொள்வோமா, அதுவும் எப்படி முடியும். வெளியே ஒரு வண்டி முனகிக்கொண்டு வந்து நின்றது, கதவு இழுபடுகிற சத்தம், படியருகில் ஒரு நிழல் வந்து நின்று, உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கியது. கேட்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான், மழை நாளில் உங்கம்மா வீட்டுக்கு வரும்போது எப்படி வருவாங்க என்று. ஒரு தோள் மட்டும் நனைந்திருக்கும் என்று அந்தப் பெண் தானாகச் சொல்லவேண்டும், எந்தத் தோள் என்று நாமாக எடுத்துக் கொடுத்துவிடக்கூடாது, எடுத்துக் கொடுத்தால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், என்று நினைத்துக்கொண்டே அவள் பெஞ்சில் உட்கார்ந்து, மறு நுனிக்கு நகர்ந்து இடம் விட்டாள்.